அடுப்புச் சுவரில் ஒரு ராணி

வியாழக்கிழமை பகல் பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. கிடங்கில் உட்கார்ந்து உடைந்த கற்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் ஃபாயிஸா அழவில்லை.

"அப்பா போயிட்டாருக்கா. காலையில ரொட்டி சாப்பிட்டாரு, டீ கேட்டாரு. கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு. அஸர் தொழுகைக்கு முன்னாடி எடுத்துடுவோம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அட்டை உங்ககிட்டதானே இருக்கு?" என்று கேட்டாள். என் இழுப்பறையில் இருக்கிறது என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

அவளுடைய அப்பா ஷாஸிலி. எங்கள் எல்லோருக்கும் ரயீஸ் ஷாஸிலி. மேஸ்திரியை இங்கே ரயீஸ் என்றுதான் கூப்பிடுவோம். லக்ஸருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், மலையடிவாரத்தில் இருக்கிற ஹட்செப்சுட் ராணியின் கோயிலில் நாற்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். இருபத்து மூன்று வயதில் மண்கூடை தூக்கச் சேர்ந்தார். அறுபத்தெட்டில் முழங்கால் மடங்காமல் போன பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தார். நான் தொல்லியல் துறை இன்ஸ்பெக்டராக அங்கே வந்தபின் அவரோடு ஆறு வருஷம் வேலை செய்தேன். அதற்குப் பிந்தைய எட்டு வருஷம் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் வேலை உடைந்ததைச் சேர்ப்பது. மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் இந்த நாட்டின் அரசனாக இருபது வருஷம் போல ஆண்டாள். புருஷன் இறந்தபோது பட்டத்துக்கு உரிய பையன் குழந்தை, அதுவும் இன்னொருத்தி பெற்ற குழந்தை. அவனுக்காக ஆள ஆரம்பித்தவள் கொஞ்ச நாளில் கிரீடத்தைத் தானே வைத்துக்கொண்டாள். சுவரில் தன்னை அரசனாகவே வரையச் சொன்னாள், கட்டுத் தாடி உட்பட. தெற்கே பன்ட் தேசத்துக்குக் கப்பல் அனுப்பி, சாம்பிராணி மரங்களை வேரோடு கொண்டுவரச் செய்தாள். அவள் இறந்து ஏறத்தாழ இருபது வருஷம் போன பின் அந்தப் பையன், அப்போது வயதான அரசன், அவள் உருவங்களை உளியால் கொத்தச் சொன்னான். சிலைகளை உடைத்துப் பள்ளத்தில் தள்ளினார்கள். பிறகு பாறைச் சரிவுகள். அதற்கும் பிறகு மேலே ஒரு கிறிஸ்தவ மடம் கட்டியவர்கள் சுவர்க்கல்லையே எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் பல்லாயிரம் துண்டுகள்.

சுற்றுலா வழிகாட்டிகள் கோயில் வாசலில் நின்று, சிற்றன்னை மேல் இருந்த வெறுப்பில் மகன் இப்படிச் செய்தான் என்று தினமும் சொல்வார்கள். ரயீஸுக்கு அது பிடிக்காது. ஒருநாள் ஒரு வழிகாட்டியைக் கூப்பிட்டே கேட்டார்: "இருபது வருஷம் பொறுத்து வர்றதுக்குப் பேரு கோபமாடா? உன் பொண்டாட்டி இன்னிக்குத் திட்டினா, நீ பேரப்பிள்ளை எடுத்தப்புறமா திருப்பித் திட்டுவே? அவனுக்குத் தன் மகனை உட்கார வைக்கணும். நடுவுல ஒரு பொம்பளை ஆண்டது எழுத்துல இருந்தா நாளைக்கு வேற பொம்பளை கேப்பா. அவ்வளவுதான் விஷயம்."

அவர் எழுத்து படித்தது நான்காம் வகுப்பு வரை. துண்டுகளைச் சேர்க்க மற்றவர்கள் செதுக்கிய பக்கத்தைப் பார்ப்பார்கள். அவர் கவிழ்த்துப்போட்டு முறிந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். சுண்ணாம்புக்கல்லில் ஓடுகிற நரம்பு இரண்டு துண்டிலும் ஒரே சாய்வில் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மணல் தட்டில் இரண்டையும் நிறுத்தி, ஒன்றை மெல்ல நகர்த்துவார். சேர்ந்தால் ஒரு சின்னச் சத்தம் வரும். அதைக் கேட்டபின்தான் கையை எடுப்பார்.

எங்கள் கிடங்கில் ஒரு விதி இருக்கிறது. துண்டைக் கண்டெடுத்தவன்தான் அதன் அட்டையை எழுத வேண்டும், தன் கையெழுத்தில், மையால். எங்கே கிடைத்தது என்ற வரியை வேறு யாரும் எழுதக் கூடாது, திருத்தக் கூடாது. தப்பிருந்தால் எழுதியவனே ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதவேண்டும். ரயீஸ் அந்த விதிக்கு மேல் தன் விதி ஒன்று வைத்திருந்தார்: நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து நாடா பிடித்து அளக்காமல் அந்த வரியை எழுத மாட்டார். அளவு இல்லாத அட்டையை யாராவது நீட்டினால், "இதுல கல்லோட பேருதான் இருக்கு, விலாசம் எங்கே?" என்று திருப்பிக் கொடுப்பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் குர்னாக்காரர். கல்லறைகளுக்கு மேலேயே வீடு கட்டி, கீழே தோண்டி விற்றுப் பிழைத்தவர்கள் என்று நாடெங்கும் பெயர் எடுத்த ஊர். நதிக்குக் கிழக்கே லக்ஸரில் பிறந்த என் போன்றவர்கள், குர்னாக்காரனோடு கை குலுக்கினால் விரலை எண்ணிக்கொள் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். வேலை முடிந்து போகும்போது வாசலில் சோதனை உண்டு. வயதான பின் காவலர்கள் அவரைச் சோதிக்கக் கூச்சப்பட்டார்கள். அவர் தானே அங்கியின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் போவார். நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் கையால் ஒரு சில்லுகூடக் காணாமல் போனதில்லை. அதுதான் அவர் சம்பாதித்தது என்று அவரே சொல்வார்.

மேற்கூரையற்ற வட முற்றத்தின் சுவரில், மூன்று விரல் அகல உதடும் தாடியும் கன்னத்தின் ஒரு பகுதியுமாக ஒரு துண்டு பதிக்கப்பட்டிருக்கிறது. ராணியின் முகம். கொத்தியவனின் உளித்தடம் மேலிருந்து இறங்கி மூக்கோடு நின்றுவிட்டது. மேலே குழி, கீழே சிரிக்கிற உதடு. அவன் ஏன் நிறுத்தினான் என்று ஒருமுறை கேட்டேன்.

"சாப்பாட்டு வேளை ஆயிருக்கும் மகளே. இல்லாட்டி மேஸ்திரி வேற சுவருக்குக் கூப்பிட்டிருப்பான். கூலிக்குக் கொத்துறவனுக்கு அவமேல என்ன பகை?"

இந்தத் துண்டைக் கண்டெடுத்தவர் ரயீஸ் ஷாஸிலி. நான் வேலைக்கு வருவதற்கு முந்தின வருஷம். அட்டையில் அவர் எழுத்தில் இருந்தது: வட முற்றம், குப்பைமேடு, மூன்றாம் அடுக்கு, வாசற்படியிலிருந்து பதினொரு மீட்டர். கோயிலில் வேலை செய்த வெளிநாட்டுக் குழுவின் தலைவி டாக்டர் இங்க்ரிட் அந்த அளவை நம்பித்தான் துண்டை வடக்குச் சுவரில் வைத்தார். பக்கத்துக் கல்லோடு அது சேரவில்லை; இடைவெளியைச் சாந்தால் நிரப்பினார்கள். உதட்டில் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் மருதாணிச் சிவப்பும் இருப்பதைச் சோதனைக் கூடம் சொன்னது. அவற்றின் வயதைச் சொல்ல முடியவில்லை. உருவங்கள் அழிக்கப்பட்ட பிறகும் வட முற்றத்தில் சிலர் ரகசியமாக வந்து ராணிக்கு எண்ணெய் பூசி வழிபட்டிருக்கிறார்கள் என்று டாக்டர் இங்க்ரிட் ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரையைப் பலர் எடுத்தாண்டார்கள். இந்த வருஷம் அதையே முற்றத்தில் பலகையாக வைப்பது என்று முடிவாகி, அரபியில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த எழுத்தை ரயீஸிடம் வாசித்துக் காட்டப் போனேன். கண்டெடுத்தவர் என்று அவர் பெயரைச் சேர்த்திருந்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முழுக்கக் கேட்டார். டீயை மூன்று கரண்டிச் சர்க்கரையோடு கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"அதை எழுதாதே மகளே" என்றார். "அந்த எண்ணெய் என் அம்மா வெச்சது."

பிறகு அவர் சொன்னதை நான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அன்று அப்படி வரவில்லை.

அவர் அப்பா ஹஸபுல்லா இளவயதில் கோயில் தோண்டலில் கூடை தூக்கியவர். கல்யாணமான வருஷம் வீட்டில் ரொட்டி அடுப்புக் கட்டுவதற்கு, ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதே என்று ஒரு கல்லைக் கழுதைமேல் போட்டுக் கொண்டுவந்தார். விற்கிற எண்ணம் இருந்திருந்தால் அடுப்பில் வைத்திருக்க மாட்டார் என்பது ரயீஸின் வாதம். முகம் உள்பக்கமாக இருக்கும்படிதான் அப்பா வைத்தாராம். சாந்து காய்வதற்குள் அம்மா அதைப் பிடுங்கித் திருப்பி வைத்துவிட்டார். சிரிக்கிற முகத்தை நெருப்பில் காட்டலாமா என்று.

அதற்குப் பிறகு ரொட்டி சுட வருகிற பெண்களெல்லாம் அவளைப் பார்த்தார்கள். தாடி இருந்தும் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. பெண் என்றே வைத்துக்கொண்டார்கள். தாடிக்காரி என்று பெயர். பிள்ளை இல்லாதவள் விரலில் விளக்கெண்ணெய் தொட்டு அவள் உதட்டில் பூசுவாள். பிள்ளை பிறந்தால் மருதாணி. வெளியே சொல்வதில்லை, ஆண்கள் காதில் விழுந்தால் மார்க்கத்துக்கு ஆகாது என்பார்கள். ரயீஸின் மனைவி பஹியாவுக்கு ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. ஒன்பது வருஷமும் எண்ணெய் வைத்தாள். பிறகு ஃபாயிஸா. பஹியா இப்போது இல்லை.

கோயிலில் சேர்ந்து ஐந்தாறு வருஷத்தில் தாடிக்காரி யார் என்று ரயீஸுக்குத் தெரிந்துவிட்டது. பகலெல்லாம் ராணியின் துண்டுகளைத் தேடிச் சேர்ப்பார். சாயங்காலம் வீட்டில் அவள் உதட்டுக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்பார். ஒப்படைத்தால் அப்பா திருடன். குர்னாக்காரன் வீட்டில் ஒரு கல் அகப்பட்டால் கீழே தரையையும் தோண்டிப் பார்ப்பார்கள். வேலையும் போகும். முப்பது வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

குர்னா வீடுகளை இடிக்க அரசு இயந்திரங்களைக் கொண்டுவந்த வருஷம் கல்லை அங்கேயே விட்டுவைக்க முடியாமல் போனது. எல்லோருக்கும் வடக்கே புது வீடு. ரயீஸ் இருந்த மேல் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை முறை என்று சொன்னார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தபோது, ரயீஸ் அது இருந்த உயரத்தை நாடாவால் அளந்துவிட்டு, உளியால் கல்லைச் சுவரிலிருந்து எடுத்தார். பஹியாவின் பழைய போர்வையில் சுற்றி, கழுதை முதுகில் தீவனப்புல்லுக்கு அடியில் வைத்து, சனிக்கிழமை காலை கோயிலுக்குக் கொண்டுபோனார்.

"வாசல்ல உள்ளே போறவனை எவனும் தடவிப் பார்க்க மாட்டான்" என்றார். "குர்னாவுல திருடி வெளியே கொண்டுபோனவன் ஆயிரம் பேர் இருக்கான். உள்ளே கொண்டுபோன திருடன் நான் ஒருத்தன்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டார்.

அந்த வாரம் வட முற்றத்துக் குப்பைமேட்டை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கல்லை அங்கே புதைத்து, மதியத்துக்கு மேல் எல்லோர் முன்னிலும் எடுத்தார். டாக்டர் இங்க்ரிட் மண்ணில் மண்டியிட்டு அழுதாராம். அட்டையில் பதினொரு மீட்டர் என்று எழுதினார். வாழ்க்கையில் அவர் அளக்காமல் எழுதிய எண் அது ஒன்றுதான்.

ராணியைத் திரும்பச் சேர்த்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார். தீரவில்லை. தவறான சுவரில் அவளைத் தன் கையாலேயே பதிக்க வேண்டியிருந்தது. பிறகு அந்தக் கட்டுரை. அதை யாரோ அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்ன நாளிலிருந்து வட முற்றத்தைச் சுற்றிக்கொண்டுதான் கிடங்குக்குப் போவாராம். முழங்கால் வலியால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அவளைப் பத்தி மூவாயிரம் வருஷமா பொய் எழுதியிருக்காங்க. பேரைக் கொத்திட்டு மேல வேற பேரு எழுதினாங்க. அதையெல்லாம் சரி பண்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க. நான் புதுசா ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். அது பலகையா நிக்கப் போகுது."

அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். திருத்துவதற்கு அவருக்கு மட்டும்தான் உரிமை. அவர் இல்லாமல் போனால் அந்த வரி அப்படியே நிற்கும். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் ஃபாயிஸா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. அவள் புருஷன் அதே கோயிலில் காவலர். மாமனார் வீட்டு அடுப்பில் ராணி இருந்தாள் என்று எழுத்தில் ஏறினால் அவன் காவலர் சட்டையை எப்போது கழற்றச் சொல்வார்கள் என்று தெரியாது. அதைவிட, தாத்தாவின் பெயர். ஆறு வாரம் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். சோற்றை வைப்பாள், போவாள். என்னையும் வாசலில் நிறுத்தி, "இன்ஸ்பெக்டரம்மா, உடம்பு சரியில்லாதவரைத் தூண்டிவிட வராதீங்க" என்றாள். அதற்கு முன்பெல்லாம் அக்கா.

நான் பலகை எழுத்து தயாராகவில்லை என்று அலுவலகத்தில் நாள் கடத்தினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபாயிஸாவே போன் செய்து வரச் சொன்னாள். அட்டையையும். போனபோது அவள் கண்ணும் அவர் கண்ணும் சிவந்திருந்தன.

"செத்துப்போன தாத்தாவை எதுக்கு இழுக்கறீங்கன்னு கேட்டேன்" என்றாள் என்னிடம். "கல்லை எடுத்தது அவரு, பொய் சொன்னது நான், ரெண்டும் தனித்தனியா இருக்கட்டும்ங்கறாரு. சரி, எழுதட்டும்க்கா. என்னைக் கொடுத்தவ அவதானே. அவளுக்கு வாய் இருக்கு, பேச முடியாது."

"தாடியும் இருக்கு" என்றார் ரயீஸ்.

"உங்களை மாதிரியே" என்றாள்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய வரியின் மேல் அளவுகோல் வைத்து ஒற்றைக் கோடு இழுத்தார். கீழே எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. பாதியில் நிறுத்திப் பேனாவை மூடினார். அப்பா எங்கே எடுத்தார் என்று கேட்டேன். கோயிலில்தான், அப்பா தன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒருமுறை காட்டியிருக்கிறார் என்றார். எந்த இடம் என்று கேட்டேன்.

"வாயால சொல்லமாட்டேன். சொன்னா நீ எழுதிக்குவே, அளவு இருக்காது. ஒரு தடவை அளக்காம எழுதினது போதும். நாடாவை எடுத்துக்கிட்டு என்னை அங்கே கூட்டிட்டுப் போ. நின்னு காட்டுறேன், நீ பிடி, நான் எழுதுறேன்."

முழங்காலோடு படிகள் ஏற முடியாது. மேல் தளம்வரை போகிற சின்ன மின்வண்டிக்குச் சொல்லி, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், என்று முடிவு செய்தோம். காவலரான மருமகனே ஓட்டுவதாகச் சொன்னான்.

வியாழன் அஸருக்கு முன் ஜனாஸா ஊர்வலம் போயிற்று. நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை இல்லாத காபி வந்தது. மேல் தெருவில் முன்பு அடுத்த வீட்டில் இருந்த ஸக்கியா என்ற கிழவி என் பக்கத்தில் இருந்தாள். தாடிக்காரியைத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன். தன் மூன்றாவது பையன் அவள் கொடுத்தவன்தான் என்றாள். கல் எங்கிருந்து வந்தது என்று ரயீஸோ அவர் அம்மாவோ எப்போதாவது சொன்னதுண்டா என்று கேட்டேன்.

"அடுப்புலதான் இருந்தா" என்றாள். "எங்கிருந்து வந்தா என்ன? கேட்டாக் கொடுத்தா."

ஃபாயிஸாவுக்கும் தெரியவில்லை. மருமகனுக்கும் தெரியவில்லை. ஹஸபுல்லாவோடு கூடை தூக்கியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

அட்டை என் முன்னால் இருக்கிறது. வட முற்றம், குப்பைமேடு, மூன்றாம் அடுக்கு, பதினொரு மீட்டர் என்ற வரி அடிக்கப்பட்டிருக்கிறது. பலகை இனி வராது. அதன் கீழே அவர் எழுத்து: "குர்னா, மேல் தெரு, என் வீட்டு அடுப்புச் சுவர், வலப்பக்கம், தரையிலிருந்து எழுபத்தாறு சென்டிமீட்டர். அதற்கு முன், என் தகப்பனார் ஹஸபுல்லா காட்டியபடி, கோயிலில்," என்று காற்புள்ளியோடு நிற்கிறது. அளவுக்கென்று விட்ட இடம் நான்கு விரல்கடை.